மிஸ்ஸியிடம் நான் கேட்காத கேள்வி

அந்த அழைப்பில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. இழுக்கும்போது ஒரு சின்ன விசில், விடும்போது ஒன்றுமில்லை. கண்டியில் அன்று நல்ல வெயில். தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடம் ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தவளுக்கு அந்த இழுப்பு மூச்சு யாருடையது என்று தெரியாமல் போகுமா? எடுத்து அரை நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, யாரோ ஒருவரிடம் பேசுவது போல, "நீங்கள் கதைக்கலாம், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்து நான் வெட்கப்படாத நாள் இல்லை.

கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போனால் வரும் இரண்டு அறைகள்தான் எங்கள் நிலையம். உயிரோடு இருப்பதே பாரமாகிப்போனவர்கள் யாரோடாவது கதைக்க நினைத்தால் கதைப்பதற்கான இடம். ஒரு அறையில் சிங்களத் தொலைபேசி, மற்றதில் தமிழ்த் தொலைபேசி. நடத்துகிறவர்களும், தரை கூட்டுகிறவர்களும், தொலைபேசி எடுக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். யாருக்கும் சம்பளம் இல்லை. நான் செயலாளர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரிக்கு வேறு என்ன பதவி கொடுப்பார்கள்? வந்த முதல் மாதமே விதிகள் எழுதத் தொடங்கிவிட்டேன். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு மேல் ஒருவரே இருக்கக் கூடாது, தெரிந்த குரல் என்றால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு எழுதினேன். மிஸ்ஸி அதற்கு 'மேடத்தோட சர்குலர்' என்று பெயர் வைத்திருந்தார்.

மிஸ்ஸி கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் மருத்துவிச்சியையும் தாதியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரே நிலையத்திலும் நிலைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்த தங்கையோடு கலஹா டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருந்தார். புதன்கிழமை பின்னேரங்கள் எங்கள் இருவருக்கும். நான் தொலைபேசி எடுத்தால் பேனாவும் கையுமாகத்தான் இருப்பேன். அவர் எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். இடைக்கிடை "ம், சொல்லுங்க" என்பார், அவ்வளவுதான். எதிரே இருந்து பார்த்தால் தூங்குகிறார் என்றே சொல்லத் தோன்றும்.

எங்கள் பயிற்சியில் ஒரு கேள்வி உண்டு. சுற்றி வளைக்காமல், செத்துப்போக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்பது. கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று வெளியில் எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி வராது. கேட்காவிட்டால்தான் இருக்கிற நினைப்பு உள்ளேயே கிடந்து வளரும். இது எனக்குப் பாடமாகத் தெரியும், மிஸ்ஸிக்குக் கைவந்திருந்தது. 'வலி எப்ப தொடங்கிச்சு?' என்று தோட்டத்து லய வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகளிடம் கேட்ட அதே குரலில் இதையும் கேட்பார். தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, மாமியாரைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் கூரை ஒழுகுவதைப் பற்றியும் கால் மணித்தியாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செத்துப் போயிரலாம்னு தோணுதாம்மா?" என்றார். அந்தப் பெண் அழுத சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அன்று அவர் போனை வைக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. எனக்கு அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கும் என்று அவருக்குத் தெரியும். "கேட்டா பயந்துருவாங்கன்னு நினைக்காதீங்க மேடம். பயந்து போய்த்தானே நமக்கு போன் அடிக்கிறாங்க" என்பார்.

அவருடைய தங்கைக்குச் சிறுநீரக வருத்தம். இரண்டு வருடம் இழுபட்டு, ஒரு மார்கழியில் போய்விட்டார். மூன்றாம் வாரமே மிஸ்ஸி படியேறி நிலையத்துக்கு வந்து நின்றார். நான் எழுதிய விதிகளில் ஏழாவது, வீட்டில் சாவு நடந்தவர் ஆறு மாதம் நிலையத்துக்கே வரக் கூடாது என்பது. துக்கத்தோடு இருப்பவர் மற்றவருடைய துக்கத்தையும் சுமக்க வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் எழுதியதுதான். "வீட்டுல இருந்தா சுவரத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும் மேடம். போன் எடுக்க வேணாம். சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போறேனே" என்று கேட்டார். எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இவருக்கு விட்டால் நாளைக்கு இன்னொருவரும் கேட்பார் என்று உத்தியோகக்காரப் புத்தி கணக்குப் போட்டது. "உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன், மிஸ்ஸி. ஓய்வெடுங்கோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கியதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், திரும்பி வந்திருப்பார்.

ஓய்வில் இருப்பவரைக் கிழமைக்கு ஒரு முறை யாராவது அழைத்து நலம் விசாரிக்க வேண்டும் என்பது எட்டாவது விதி. அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் வேலை தொடங்குவதற்கு முன் அவரை அழைப்பேன். "எப்பிடி இருக்கிறியள்?" "நல்லா இருக்கேன் மேடம்." "சாப்பாடு, நித்திரை?" "எல்லாம் நடக்குது." என்ன கேள்வி வரும், எந்தப் பதில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும். பரீட்சைத் தாளைத் தயாரித்தவரையே பரீட்சைக்கு உட்கார்த்தி வைத்த கதைதான். நான் பதிவுக் கொப்பியில் சரி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதில் என்னை விடக் கெட்டிக்காரரிடம் போய் அதைக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்தேன். முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் கேட்டவள், தினமும் நினைக்கிற ஒருத்தியிடம் கேட்கக் கூச்சப்பட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அழவே வரவில்லை. அதை நலம் என்று நான் எழுதிவைத்தேன்.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமையில்தான் அந்தப் பேசாத அழைப்பு வந்தது. தெரிந்த குரல் என்றால் இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்று விதியில் இருக்கிறது. தமிழ் அறையில் அன்று நான் மட்டும்தான். 'மிஸ்ஸி, நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். காட்டிக்கொடுத்தால் வெட்கப்படுவார், பிறகு அழைக்கவே மாட்டார் என்று நினைத்தேன். சரி, முகம் தெரியாதவராகவே வைத்துக்கொண்டாலும், அப்படிப்பட்டவரிடம் கேட்பதையாவது கேட்டிருக்க வேண்டாமா? பேசாமல் இருப்பவரிடமும் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. நான் கேட்கவில்லை. "அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். பதினொரு நிமிடம் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வைத்துவிட்டார். சிநேகிதிக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுக்கவில்லை, அந்நியருக்குக் கொடுப்பதையும் கொடுக்கவில்லை. கொப்பியில் 'பேசாத அழைப்பு' என்று எழுதி நேரத்தைக் குறித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கலஹாவுக்குப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். ஞாயிறு கொழும்பிலிருந்து மகன் குடும்பம் வந்து இறங்கியது. திங்கள் போகலாம் என்றிருந்தேன். திங்கள் நிர்வாகக் கூட்டம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். போய் என்ன கேட்பது என்று தெரியாத பயமில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பயம்.

எனக்கு முன் அங்கே போனது மிஸ்ஸி வீட்டுக்கு எதிரே சில்லறைக் கடை வைத்திருக்கும் பெண். தினமும் காலையில் பாண் ரொட்டி வாங்க வருகிறவர் இரண்டு நாளாக வரவில்லை என்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மிஸ்ஸி திறந்தாராம். தலை வாரவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. அந்தப் பெண் எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்ல, எந்த விதியும் படித்தவர் அல்ல. முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா மிஸ்ஸி, செத்துக்கித்துப் போயிரலாம்னு இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மிஸ்ஸி "ஆமா" என்றிருக்கிறார். அந்தப் பெண் அப்படியே உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கக் கடை பூட்டு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டோடு திரும்பிக் கூட்டி வந்திருக்கிறார். இரவில் துணைக்குத் தன் பாயைக் கொண்டுவந்து மிஸ்ஸியின் அறையிலேயே போட்டாராம்.

இதெல்லாம் நடந்து ஆறு நாளைக்குப் பிறகுதான் நான் போனேன். மிஸ்ஸி மெலிந்திருந்தார். வாசல் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, பால் விடாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வசனங்கள் தயார்செய்து வந்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, "அண்டைக்கு போன் பண்ணினது நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்னு எனக்கும் தெரியும் மேடம்" என்றார். "நீங்க இருப்பீங்கன்னுதானே புதன்கிழமையா பாத்து அடிச்சேன். நானா சொல்ல வாய் வரல. கேப்பீங்க கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். "சர்குலர்படிதான் செஞ்சீங்க, விடுங்க" என்று என் முழங்காலில் வேறு தட்டினார். நான் தேநீரைக் குடிக்க முடியாமல் அழுதேன். ஆறுதல் சொல்லப் போனவளுக்கு ஆறுதல் சொல்லும்படி அவரை வைத்துவிட்டேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

இப்போது ஏழாவது விதி இல்லை. துக்கத்தில் இருப்பவர் தொலைபேசி எடுக்க வேண்டாம். ஆனால் வரலாம், எங்களோடு உட்காரலாம், தேநீர் ஊற்றலாம், சும்மா இருக்கலாம். எட்டாவதில் அந்தக் கேள்வியை முழுச் சொற்களில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். மிஸ்ஸி மாதத்துக்கு இரண்டு தரம் கிளினிக்குக்குப் போகிறார், திரும்பும் வழியில் நிலையத்துக்கு வந்து போகிறார். நான் புதன்கிழமை தவறாமல் அவரை அழைக்கிறேன். முதலில் அதைத்தான் கேட்கிறேன். "இன்னைக்கு இல்ல மேடம்" என்பார். பிறகுதான் சாப்பாடு, நித்திரை எல்லாம். மாதக்கணக்காக அதே கேள்வி, அதே பதில். பழகிப்போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் வந்திருந்தது. என் பிழை ஆறிவிட்டது என்றுகூட ஒரு நினைப்பு.

போன புதன்கிழமை கேட்டேன். "மிஸ்ஸி, சாக வேணும் எண்ட நினைப்பு வருதோ?"

"ஆமா மேடம். நேத்துலேர்ந்து" என்றார்.

பேனாவை எடுக்கவில்லை. அடுத்த அறைக் கதவைத் திறந்து, சிங்களத் தொலைபேசியில் இருந்தவருக்குத் தமிழ்த் தொலைபேசியையும் பார்த்துக்கொள்ளும்படி கைகாட்டிவிட்டு, கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் படியிறங்கினேன். கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ஏற்கனவே பக்கத்தில்தான் இருக்கிறார் என்றார் மிஸ்ஸி. கலஹா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "இரைச்சலா இருக்கு, எங்க இருக்கீங்க மேடம்?" என்று கேட்டார்.

"வந்துகொண்டிருக்கிறன்" என்றேன். "வைக்காதேங்கோ. சொல்லுங்கோ, நேற்று என்ன நடந்தது?"