மாமியின் காதில் வராத கரண்ட்

சென்ற வாரம் பாக்கியம் மாமி வந்து, "பிள்ளை, அந்தக் கிளிப்பை ஒரு நாளைக்குத் தாவன்" என்றார்.

காதுமடல் நரம்புக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பும் சின்னக் கருவி அது. ஊசி இல்லை, வெட்டு இல்லை. நோயில்லாத முதியவர்களின் ஞாபகசக்தியை அது கூட்டுமா? அதைப் பார்க்கும் ஆய்வில் கருவியை இயக்குவது என் வேலை. சிலருக்குக் கரண்ட் வரும். சிலருக்கு, ஒப்பிடுவதற்காக, கிளிப் மட்டும்தான். யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை எனக்கே தெரியாது.

ஆய்வில் சேர்ந்திருந்த மாமி இலுப்பைக்கடவைக்காரி. போருக்குத் தப்பிப்போய், தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவர். வாசித்துக் காட்டிய சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் ஒன்றைக்கூட விடவில்லை. எப்படி என்று அன்றே கேட்டேன்.

"ஒவ்வொரு சொல்லையும் எங்கட ஒழுங்கையில வீட்டுக்கு வீடு வச்சனான். ஆட்டைச் சின்னத்தம்பியண்ணையின்ர கிணத்தடியில கட்டினன். குடையை ரீச்சற்ற படலையில கொழுவினன். பிறகு நடந்துபோய் எடுத்தனான்."

அந்த ஒழுங்கையில் இன்று ஒரு வீடும் இல்லை... பற்றைக் காடு.

சரி, இப்போது கிளிப் எதற்கு?

காணி விசாரணை. உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. எல்லையை மாமிதான் காட்ட வேண்டும். "அவவுக்கு இப்ப மறதி" என்று பக்கத்துக் காணிக்காரரான கணவரின் தம்பி சொல்லித் திரிகிறாராம். அது எடுபட்டால் மாமியின் கிணறு அவர் பக்கம் போய்விடும்.

"கரண்ட் இல்லாமப் போனா உளறிப்போடுவன், பிள்ளை."

ஆய்வு முடிந்து விபரம் வந்திருந்தது. பொறுப்பான டொக்டரிடம் கேட்டுக்கொண்டு சொன்னேன்.

"மாமி, உங்கட கிளிப்பில கரண்டே வரேல்லை."

"அப்ப சும்மாவோ என்ர காதைப் பிடிச்சு வச்சிருந்தனீங்கள்?"

"ஓம்."

"ஆடு, குடை எல்லாம்?"

"முழுக்க நீங்கள்தான்."

மாமி சேலையை உதறிக்கொண்டு எழும்பிப் போனார்.

விசாரணைக்கு நானும் போனேன். மாமி முன்னால், காணி உத்தியோகத்தர் பின்னால். "இது ரீச்சற்ற படலை... இனி என்ர வேலி. இதில வெட்டுங்கோ" என்றார். பற்றையை வெட்டினார்கள் — வெளிப்பட்டது மாமியின் வேலி வாசல் தூணின் அடிக்கட்டை. கிணறு அதற்கு உள்ளே, மாமியின் பக்கம். என் சொந்தப் பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிப் பூரித்ததில்லை.

மற்றவர்களுக்குக் கருவி உதவியதா? அதை ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

திரும்பும்போது, விசாரணைக்கு வந்திருந்த கணவரின் தம்பி மெல்ல மாமிக்குப் பக்கத்தில் வந்தார்.

"மச்சாள், என்ர மற்றப் பக்க எல்லையையும் ஒருக்காக் காட்டிவிடுங்கோவன்."

மறதிக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது?