பல்லிக்கு அசையாத தட்டு

எங்கள் ஊர் நகரியில் யாரும் பல்லியை வெளியூரிலிருந்து வரவழைக்க மாட்டார்கள். என் வீட்டுச் சுவரில் மட்டும் ஏழெட்டு வாடகையில்லாமல் குடியிருக்கின்றன. என் மகளோ திருப்பதியிலிருந்து கண்ணாடிப் பெட்டியோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இது வேறு ரகம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால். சுவரேறத் தெரியாது. ஆனால் கண்ணை இமைத்து இமைத்துப் பார்க்கும். கல்லூரித் தோழி ஒருத்தி ஊர் மாறும்போது இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

மகள் இருப்பது அவள் அம்மாவோடு. நாங்கள் பிரிந்து நாலு வருடமாகிறது. அம்மாவுக்குப் பல்லி என்றாலே குமட்டும். ஆகவே பல்லி எனக்கு ஒதுக்கப்பட்டது.

நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பல்லி இங்கே இருந்தால் மகள் ஞாயிறுதோறும் வருவாள். அதுவரை பண்டிகைக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே திரும்பும் பஸ்ஸை விசாரிக்கிற பெண் அவள்.

முதல் ஞாயிறே மாட்டிக்கொண்டேன். தண்ணீருக்கு நான் வைத்தது காபி டபரா.

"இன்னா நைனா, கெணறு வெட்டி வச்சிக்கிற? உள்ள உழுந்தா செத்துப்பூடும்."

தண்ணீர் அதன் முட்டிக்கு மேல் நிற்கக் கூடாதாம். தீனித் தட்டுக்கு இன்னும் கறாரான சட்டம்: உள்ளே போடும் புழு ஏறித் தப்பக் கூடாது, வெளியே நிற்கும் பல்லியால் எட்டிப் பார்க்க முடிய வேண்டும். அப்படிப்பட்ட சின்னப் பாத்திரம் என் வீட்டில் ஏது? மாமனார் மகள் பெயரை வெட்டிக் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள் பெயருக்குரியவளோடே போய்விட்டன. எனக்கு மிஞ்சியது டபராவும் இட்லிப் பானையும்.

பாத்திரக் கடைக்குப் போனேன்.

"யாருக்குண்ணா?" என்றார் கடைக்கார அம்மா.

"ஒருத்தருக்குத்தான். படுத்துக்கினேதான் துன்னுவாரு."

"அய்யோ பாவம். எத்தினி நாளா படுக்கை?"

"பொறந்ததுலேர்ந்தே."

அந்த அம்மா உச்சுக்கொட்டி, விளிம்பு வழவழப்பான இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக் கொடுத்து, "பேர் வெட்டணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஒருமுறை வெட்டிப் பார்த்தாகிவிட்டது.

தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, புழு வந்தது. பல்லி மட்டும் வரவில்லை. பெட்டியின் மூலையில் கவிழ்த்து வைத்த ஓட்டுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இந்த ஜாதிக்கு வால்தான் சேமிப்புக் கிடங்கு. சாப்பிடாவிட்டால் அது மெலியும். மூன்றாவது ஞாயிறு மகள் வாலைப் பார்த்து முகம் சுருங்கினாள்.

"வர்ற வாரமும் இப்டியே இருந்தா, மெட்ராஸ்ல வளக்கறவங்க ஒருத்தர் கீறாங்க, அவங்களாண்ட குடுத்துடப் போறேன்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையும் மாலையும் நூலை வைத்து வாலின் தடிமனை அளந்தேன். நூல் பொய் சொல்கிறதென்று வேறு நூல் எடுத்தேன். ஊறுகாய் ஜாடி மூடி வைத்தேன். அகல் விளக்கு வைத்தேன், அது தண்ணீரைத் தானே குடித்துவிட்டது. ஐம்பது வயது ஆசாமி பெட்டியின் முன் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஒரே ஒரு புழு, என் தங்கமில்ல" என்று கெஞ்சினேன். பெற்ற பெண்ணுக்கு நான் இப்படி ஒருவாய் ஊட்டியதில்லை.

புதன்கிழமை அமாவாசை. தறிகளுக்கு ஓய்வு. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் விசைத்தறிக் கொட்டகை, ஆறு தறி. அன்று சாயங்காலம் பல்லி மெல்ல வெளியே வந்து, எவர்சில்வர் தட்டுக்குள் தலையை விட்டு நாலு புழுவை முழுங்கியது.

மறுநாள் காலை தறி ஓடத் தொடங்கியதும் பெட்டி முன் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். தட்டு நூலிழை நூலிழையாக நகர்ந்துகொண்டிருந்தது. புழுக்கள் கரகமாடின. பெட்டியின் மேல் கையை வைத்தேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடம் தறியோடு இருந்த கை. தண்ணீர் ஆடியிராவிட்டால் நம்பியிருக்கவே மாட்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு வடமாலபேட்டை ரோட்டோரம் அம்மி கொத்துகிறவரிடம் போனேன். உள்ளங்கை அகலத்தில் இரண்டு கல் தட்டு, உட்புறம் வழவழவென்று வேண்டும் என்றேன்.

"சந்தனம் அரைக்கவா சாமி?"

"பல்லிக்கு."

அவர் உளியைக் கீழே வைத்தார். "பல்லி தோஷமா? அதுக்குக் காஞ்சிபுரம் போவணும் சாமி. எங்கிட்ட வந்தா?"

எப்படியோ கொத்திக் கொடுத்தார். பெட்டிக்கடியில் கழிவு நூலை மெத்தை மாதிரி பரப்பி, உள்ளே கல் தட்டுகளை வைத்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. வெள்ளிக்கிழமை மாலை, ஆறு தறியும் அடித்துக்கொண்டிருக்கும்போதே பல்லி வந்து சாப்பிட்டது. குதித்துக்கொண்டு வீடியோ எடுத்தேன். அதோடு, குற்றவாளி தறிதான் என்று நானே விலாவாரியாகப் பேசி மகளுக்கு அனுப்பினேன். வாயை மூடிக்கொண்டிருக்கும் கலையை நான் கற்றதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கல் தட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தினி நாளா தறிக்கு பயந்துக்கினுதான் துன்னாம கெடந்துச்சா?"

"ஆமாம்மா. சொல்றதுக்குப் பாவம் அதுக்கு வாய் இல்ல."

"வாய் இருந்தவங்களும் சொன்னாங்களே நைனா."

அவள் அம்மா பதினைந்து வருடம் சொன்னாள். தலைக்குள்ளே தறி நாடா இப்படியும் அப்படியும் ஓடுகிறது, ஊருக்கு வெளியே ஒரு அறை பார் என்றாள். எனக்கு இது தாலாட்டு என்று ஒவ்வொரு முறையும் அதே ஜோக்கைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

"வீடியோவ அம்மாவாண்ட காட்டுனேன். இட்டுக்கினு வந்துடுன்னாங்க."

"பல்லின்னா ஆவாதே அவளுக்கு?"

"தறிக்குப் பல்லி பரவால்லியாம்."

சிரித்துவிட்டேன். எனக்கே வந்திருக்க வேண்டிய ஜோக். மகள் சிரிக்காமல் புழு டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

கல் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றப் போனேன். "அது வாணாம் நைனா, கனம். அங்க எதுவும் ஆடாது, சாதா தட்டே போதும்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறா என்று கேட்க வாய் வரவில்லை. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டேன்.

"செமிஸ்டர் முடியட்டும், பாக்கலாம்."

எந்த மாதம் முடியும் என்று கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.