கை நாத்தம் போயிட்டா?

பிலோமி போய்விட்டாள்.

காலையில் வேம்பாரிலிருந்து அவள் மகன் போன் பண்ணினான். "பெரியம்மா, அம்மா போயிட்டாவ..."

சுதந்திரம் வந்த வருஷம் எங்கள் கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஆறாம் கிளாஸ். நாசரேத்திலிருந்து புதிதாக வந்திருந்த எஸ்தர் டீச்சர், கைத்தொழில் பீரியடில் தையலை விட்டுவிட்டு உரக்குழி வெட்டச் சொன்னார்கள். கரையில் வீசுகிற மீன் குடல், செவுள், பாசி... எல்லாம் மண்ணுக்குச் சாப்பாடு என்றார்கள்.

மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். பிலோமி கடலுக்குப் போகிற வீட்டுப் பெண், தயங்காமல் கை வைத்துவிட்டாள். கடைக்காரர் மகள் நான் ஏன் கூடப் போனேன்? அவள் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

முதல் தடவை சொதப்பல். கரை கரையாக அலைவானேன் என்று, கருவாடு போடுகிற இடத்தில் குவிந்து கிடந்ததை பிலோமி அள்ளி வந்துவிட்டாள். எல்லாம் உப்பில் ஊறினது. அந்த உரத்தைப் போட்டதும் டீச்சர் வளர்த்த கத்தரிச்செடி அத்தனையும் கருகிவிட்டது.

ஹெட்மாஸ்டர் அந்த பீரியடே வேண்டாம் என்றார். டீச்சர் கண் கலங்கி நின்றார்கள். பிலோமிதான் நேரே அவர் முன்னால் போனாள்.

"சார், இன்னொரு வாட்டி குழி போடுதோம். உப்புப் படாத குடலா நான் கொண்டாரேன்."

அப்புறம் வள்ளம் கரையேறும்போதே போய் நிற்போம், பச்சைக் குடலுக்காக. பனையோலைச் சருகும் மண்ணும் போட்டு மூடினோம். அடுத்த கத்தரி நன்றாகக் காய்த்தது. டீச்சர் ஆளுக்கொரு காய் கொடுத்தார்கள். பிரைஸ் வாங்கின பெருமை எங்களுக்கு.

ஆனால் கை நாற்றம்... சீயக்காய், சாம்பல், எதற்கும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். கடைசி பெஞ்ச் முழுக்க எனக்கும் பிலோமிக்கும்தான்.

கல்யாணம், பிள்ளைகள்... நான் சென்னைக்கு வந்துவிட்டேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் போன் வரும். ஹலோ எல்லாம் கிடையாது.

"ஏளா ராஜம், கை நாத்தம் போயிட்டா?"

"இன்னும் போவல ளா."

அதற்குப் பிறகுதான் பிபி, சுகர், மூட்டுவலி எல்லாம்.

போன மாதம் மருமகள் பால்கனியில் கம்போஸ்ட் டப்பா வாங்கி வைத்தாள். வீடியோ காலில் பிலோமிக்குக் காட்டி, நாற்றமே வராதாம் என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "பின்ன எப்படி ளா உரமாவும்?" என்றாள். அன்றைக்கு அவ்வளவு சிரித்தோம்.

அந்தக் கிளாஸில் இனி நான் மட்டும். வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ரொம்பத் தனியாக இருக்கிறது.

இன்று ஞாயிறு. விஷயம் தெரிந்த பிறகும், பூசை முடிகிற நேரத்துக்கு போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வருகிறது.

போயிட்டு வா, பிலோமி.

இன்னும் போவல ளா.