மெர்வ் வீட்டுத் தோட்டத்து மண்

மெர்வ் டாஸ்கரைப் போல ஒரு பிடிவாதக்காரனை டலூங் ஊரில் நான் பார்த்ததில்லை. பப் நடத்துகிறவள் நான், எத்தனை பிடிவாதக்காரர்களைப் பார்த்திருப்பேன்! ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், தன் கோழிகள் இட்ட முட்டைகளை அவித்துத் துணியில் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போவான். அங்கே முதியோர் இல்லத்தில் அவன் மனைவி எல்வா இருந்தாள். மறதி நோய். பெற்ற பிள்ளைகளையே மறந்துவிட்டாள். ஆனால் முட்டையை உரித்து ஒரு கடி கடித்ததும், "இது நம்ம வீட்டு முட்டை. அப்போ நீ மெர்வ்" என்பாள். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போவான்.

மற்ற நாளெல்லாம் கோழிகளோடுதான் பேச்சு. சாயங்காலம் என் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரே கிளாஸ் பீரை மணிக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருப்பான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யோவ், வீட்டுக்குப் போய்யா."

"அங்க யாரு இருக்கா?" என்பான்.

அப்போதுதான் பழைய கம்பப் பட்டறை நிலத்தில் முதியோருக்கு வீடு கட்டப்போவதாக நகராட்சி சொன்னது. வேலிக் கம்பங்களைக் கரையான் அரிக்காதபடி பச்சை மருந்தில் ஊறவைத்த பட்டறை அது. மெர்வ் உட்பட எங்கள் ஊரே அங்கேதான் வேலை பார்த்தது. மூடி வெகு காலமாகிவிட்டது. மண்ணைச் சோதித்துப் பார்ப்பார்கள், விஷம் ஊறியிருந்தால் கட்டிடம் கிடையாது. எல்வா ஊர் திரும்புவதும் திரும்பாததும் அந்த மண்ணைப் பொறுத்திருந்தது.

மண் எடுக்க ரொவீனா என்ற பெண் வந்தாள். ஒவ்வொரு குழிக்கும் புதுக் கையுறை, புதுக் கண்ணாடிக் குப்பி. என் தோட்டத்துத் தக்காளியை நீட்டினேன், தொடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. சோதனை முடியிற வரைக்கும் அந்தந்த ஊர்ல விளைஞ்சதை நான் சாப்பிடறதில்ல."

"எங்க தக்காளி விஷமாக்கும்! பட்டினி கிட" என்று வந்துவிட்டேன். திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கடைக்கே வந்து கேட்டாள். "பட்டறைச் சாமான் எதுவும் படாத மண்ணு கொஞ்சம் வேணும். இந்த ஊர் மண்ணு இயல்பா எப்படின்னு தெரிஞ்சாத்தான், பட்டறை மண்ணுல என்ன கூடியிருக்குன்னு சொல்ல முடியும்."

"மெர்வ் தோட்டம்!" என்று கடையே கத்தியது. "அங்க ஒரு கரையான் உண்டா, ஒரு நத்தை உண்டா?"

மெர்வுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பட்டறையிலேர்ந்து எதையாவது கொண்டுவந்து கொட்டியிருக்கீங்களா?" என்றாள் ரொவீனா.

"ஒரு ஆணி கூடக் கிடையாது. எங்க வேணும்னாலும் தோண்டிக்கோ."

பொய் சொல்லவில்லை அவன். மரத்தூள் ஞாபகமே வரவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஊறிய கம்பங்களை அறுத்த தூளைச் சாக்கில் அள்ளி வருவது எங்கள் ஊர் வழக்கம். கோழிக்கு அடியில் பரப்புவோம், பாத்தியில் போடுவோம். மழைத்தண்ணீர் மாதிரி சும்மா கிடைத்தது. அதைப் பட்டறைச் சாமான் என்று எங்களில் ஒருத்தர்கூட நினைத்ததில்லை.

முடிவைச் சொல்ல ரொவீனா நேரில் வந்தாள். மருந்துத் தொட்டி இருந்த மூலையை மட்டும் தோண்டி அகற்றினால் போதும், மீதி நிலத்தில் தாராளமாகக் கட்டலாம் என்றாள். கடை அதிர விசில் பறந்தது. மெர்வ் அழுதேவிட்டான். அவள் மட்டும் சிரிக்காமல் அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"மெர்வ், உங்க தோட்டத்து மண்ணு பட்டறையை விட மோசமா இருக்கு. ஆர்சனிக், அந்தப் பச்சை மருந்துல இருக்கிற விஷம். கோழி கொத்தித் திங்கிற இடத்துலதான் ரொம்ப."

"அப்போ முட்டை?"

"வேண்டாம். நீங்களும் சாப்பிடாதீங்க, யாருக்கும் குடுக்காதீங்க."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணே ஒண்ணும்மா. ஒரே ஒரு கடி."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இவள் மீதா நான் எரிந்து விழுந்தேன் என்று இருந்தது. கோழிகளை அடுத்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். பிறகு என் கடைப் பக்கம் மெர்வ் வருவதும் குறைந்துபோனது.

மறு வருஷம் வீடுகள் எழும்பின. எல்வா வந்துவிட்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை மெர்வோடு நானும் போனேன். மூன்று மணி நேரப் பயணமெல்லாம் இல்லை, ரெண்டு தெரு நடைதான். கடையில் வாங்கிய முட்டையை அவித்து, அதே துணியில் சுற்றி வைத்திருந்தான். அவள் உரித்தாள், கடித்தாள், வெகு நேரம் மென்றாள். மீதியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்குங்க. நீங்க யாரு?"



"இங்க பக்கத்துலதான் குடியிருக்கேன்" என்றான் மெர்வ்.

"உக்காருங்களேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே? எங்க வீட்டுக்காரர் இப்போ வந்துருவாரு. முட்டை கொண்டு வருவாரு."

"அப்படியா?" நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அவர் வர்ற வரைக்கும் நானும் இருக்கேன்."

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளோடு சேர்ந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.