அண்ணன் பெயர் ஞானமுத்து

மாங்காட்டு மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறித்து வாழ்ந்தவள் வடிவு. அவளுடைய அண்ணன் ராமன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இருபது வயதில் வீட்டை விட்டுப் போனான். பூந்தமல்லியில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்றே அப்பா கன்னியப்பன் ஏரியில் இறங்கி மகனுக்குத் தலைமுழுகினார். அதன்பின் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

1926இல் கன்னியப்பன் இறந்தார். கொள்ளி வைத்தது பங்காளி மகன். அது வடிவுக்கு உறுத்தலாகவே இருந்தது. காரியம் முடிந்த பிறகு, கூடையில் கொஞ்சம் பூவோடு பூந்தமல்லி தேவாலயத்துக்கு நடந்தாள்.

உபதேசியார் தேவராஜ் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ராமன் என்று யாரும் இல்லை.

"வேதத்துல சேந்தா பேரு மாறிடும்மா. உங்க நைனா பேரு இன்னா?"

"கன்னியப்பன். மாங்காடு."

தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடியபோது ஆள் அகப்பட்டான். புதுப்பெயர் ஞானமுத்து. கல்யாணப் பதிவில் மனைவி அன்னம்மாள், முத்தாபுதுப்பேட்டை என்றிருந்தது. அடக்கப் பதிவில் 1918, விஷக்காய்ச்சல்.

அண்ணன் இறந்ததைக் கேட்டு வடிவு அழவில்லை. கல்யாணப் பதிவை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்று எழுதியிருந்தது.

"அப்போ எங்க நைனா கல்லாட்டம் இருந்தாரே!"

"உங்க அண்ணன் சொன்னதத்தான் எழுதியிருப்பாங்கம்மா."

"அவரும் இவனுக்குத் தலமுழுகினாரு" என்றாள் வடிவு.

கல்லறைத் தோட்டத்தின் கோடியில், கல் வைக்காத மேடுகளைத் தேவராஜ் காட்டினார். காய்ச்சல் காலத்தில் அடுத்தடுத்து அடக்கியதால் ஞானமுத்து எதில் இருக்கிறான் என்று சொல்ல முடியவில்லை.

"கற்பூரம் ஏத்தலாமா?"

"வாணாம்மா. பூ வச்சிட்டுப் போங்க."

எல்லா மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூ வைத்தாள்.

அடுத்த வாரம் முத்தாபுதுப்பேட்டைக்கு விசாரித்துக்கொண்டு போனாள். அன்னம்மாள் கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பத்து வயது மகள் கிருபை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு தான் யாரென்று சொன்னாள்.

"தனக்கு யாருமே இல்லன்னு சொல்லித்தான் என்னக் கட்டினாரு. இப்ப இன்னாத்துக்கு வந்தே?"

"அவன் கூடப்பொறந்தவ நானு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், அண்ணி."

அன்னம்மாள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். உள்ளே போய்க் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வடிவு குடித்தாள்.

விஷயம் தெரிந்ததும் வடிவின் கணவர் திருவேங்கடம் சத்தம் போட்டார். "வேதக்காரங்க ஊட்ல கை நனைச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிகினு உள்ள வர்றே?" இரண்டு மாதம் அவள் சமைத்ததை அவர் தொடவில்லை. அப்படியும் அவள் போவதை நிறுத்தவில்லை. அன்னம்மாள் மாங்காட்டுக்கு ஒருமுறைகூட வரவில்லை. கிருபையின் கல்யாணத்துக்கு வேண்டிய பூ முழுவதையும் வடிவுதான் கட்டிக்கொண்டு போனாள்.

1941இல் வடிவு இறந்தபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் மாங்காட்டுக்கு வந்து, மாரடித்து அழுத பெண்களின் நடுவே உட்கார்ந்தாள். யாரென்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். திருவேங்கடமே பதில் சொன்னார்.

"அவ அண்ணன் மவ. வழி உடுங்க."