வீட்டுப் பாத்திக் கத்தரிக்காய்

கொண்டப்பநாயக்கன்பட்டிக் கடையில் நேற்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டை விழுந்த காய் ஒன்று கையில் வந்தது. கடைக்கார அம்மா பதறிப்போய், "அதைப் போட்டுருங்க டீச்சர், பூச்சி இருக்குதுங்க" என்றார். நான் அதைத்தான் முதலில் பைக்குள் போட்டேன். பின்னால் நின்றவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டீச்சருக்கு இந்த மாதம் சம்பளம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். உங்களுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதல் வேலை நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். இரண்டு பஸ் மாறிப் போவேன். பஸ்ஸில் ஆளுக்கு நடுவே மஞ்சள் மூட்டைகளும் ஏறும். இறங்கும்போது என் புடவையெல்லாம் மஞ்சள் மணக்கும். அந்த மணம் சத்துணவுக் கூடம் வரைக்கும்தான். அங்கே கொட்டிய சாம்பார் புளித்த வாடை வந்து அதை விழுங்கிவிடும். பிள்ளைகள் இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைப் பின்பக்கக் குழியில் கொட்டுவார்கள். அந்தக் குழியை நம்பி வாழ்ந்த நாய்களைப் போலப் பளபளப்பான நாய்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கிருந்தோ மூட்டையில் வாடி வதங்கி வரும் காய். சமைப்பவர் பாப்பாத்தி அக்கா என்ன செய்வார், பாவம். சாப்பிடும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வர, ஒருநாள் அதிகாரி வந்து, இப்படியே போனால் இங்கே அடுப்பை மூடிவிட்டு அடுத்த ஊரிலிருந்து ஆட்டோவில் சோறு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பாத்தி அக்கா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அடுப்பு அணைஞ்சா எனக்கு இங்க என்னங்க டீச்சர் வேல?" என்றார்.

சுற்றிலும் கத்தரித் தோட்டம் இருக்க இதென்ன கூத்து என்று எனக்குக் கோபம். அஞ்சாம் வகுப்புக் கோகிலாவின் அப்பா நல்லமுத்துவிடம் போய்க் கேட்டேன். "புள்ளைங்களுக்குத்தானுங்களே, தாராளமா குடுத்துரலாமுங்க" என்றார். மறுநாளே கூடை வந்தது. அப்படியொரு பளபளப்பு, ஒரு காயில்கூடச் சொத்தை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோர்களையெல்லாம் பந்தி பார்க்கக் கூப்பிட்டுவிட்டேன்.

பாப்பாத்தி அக்கா கத்தரிக்காய் கடைந்து ஊற்றினார். பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கடைசலை ஓரமாக ஒதுக்கினார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கோகிலாதான் வாயைத் திறந்தாள்.

"இது மண்டிக் காயிங்க டீச்சர். மருந்தடிச்சது. எங்கூட்டுல இதத் திங்க மாட்டோமுங்க."

அங்கே எல்லார் தோட்டமும் அப்படித்தான். மண்டிக்குப் போவது பெரிய வயல். கிணற்றோரமாக ஒரு வரப்புப் போட்டுப் பிரித்து, மருந்தே படாத சின்னப் பாத்தி வீட்டுக்கு. நல்லமுத்து எங்களை ஏமாற்றவில்லை, மரியாதை செய்திருந்தார். "பூச்சிக் காயப் போயி எப்படிங்க பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கறது?" என்றார், தலையைத் தூக்காமலே.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "நம்ம புள்ள திங்கறதத்தானுங்க எல்லாப் புள்ளைக்கும் குடுக்கோணும்."

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் வேறொரு கூடை இருந்தது. கோணல் காய், குட்டைக் காய், ஓட்டைக் காய். பாப்பாத்தி அக்கா அரிந்துகொண்டே, "காய் அரியறனா புழுப் பொறுக்கறனான்னே தெரியலீங்க" என்று புலம்பினார். ஆனால் சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்து அவர் கடைந்த மணம் வகுப்புக்குள் வந்தபோது நான் நடத்திய கணக்கை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் இரண்டாம் தரம் தட்டை நீட்டினார்கள். நானும் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம்தான் மிச்சம்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காய் வந்தது. அவரை வந்தது, முருங்கைக்கீரை வந்தது. அடுப்பை மூட அதிகாரி திரும்பி வந்த அன்று, சாப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பாப்பாத்தி அக்கா சட்டியைக் கவிழ்த்தே காட்டினார். "காலிங்க சார். நாளைக்கு வெள்ளென வாங்க." அதற்குப் பிறகு ஆட்டோவைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அடுப்பு எரிகிறது. குழி இல்லை, தூர்ந்த இடத்தில் பப்பாளி நிற்கிறது. பளபளப்பு நாய்களும் இல்லை; பிழைப்புத் தேடி எங்கே போயினவோ. நல்லமுத்துவின் தோட்டத்துக்கும் போனேன். வீட்டுப் பாத்தி எங்கே என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பத்தலைன்னு வருசா வருசம் நீட்டிக்கிட்டே போனனுங்க டீச்சர். இப்பத் தோட்டம் பூராவும் அதுதானுங்க. மண்டிக்கும் அந்தக் காயிதான் போகுது. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே வாங்கிக்கறாங்க."

கிணற்றோரம் போய் அந்த வரப்பைத் தேடினேன். எப்போதோ உழுது வயலோடு சேர்த்துவிட்டிருந்தார்.