கல்யாணத் தேதியில் திறக்கும் அலமாரி

துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லிச் சட்டம் வந்த வருடம், அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் பல வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுபோனது. ஐலாவும் எய்னோவும் மூன்று நாள் பேசவில்லை. ஊரில் இருபத்தாறு வருடம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் எய்னோ. ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "என் துப்பாக்கிக்கு நான் பொறுப்பு. தலைநகரத்துல உக்காந்திருக்கிறவன் எனக்குப் பூட்டு மாட்ட வேண்டாம்" என்றான். அடுத்ததாக எழுந்த ஐலா, "எனக்கு மாட்டட்டும், நான் சந்தோஷமா வாங்கிக்கிறேன்" என்றாள். கூட்டமே சிரித்தது. எய்னோவின் முகம் தொங்கிவிட்டது.

ஐலா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியவளுக்கு விதிகள் மேல் நம்பிக்கை இருந்ததில் ஆச்சரியமில்லை. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் பூட்டு கட்டாயம் என்றது சட்டம். கோடையில் பேத்தி வருவாள். எண்களை அழுத்தித் திறக்கும் இரும்பு அலமாரி ஒன்றை வாங்கினாள். தங்கள் கல்யாணத் தேதியையே எண்ணாக வைத்தாள்.

"ஒரு வருஷமாவது இந்தத் தேதி உனக்குத் தானா ஞாபகம் வந்திருக்கா? இனிமே மறந்தா மான் கறி கிடையாது" என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே எய்னோ மூன்று துப்பாக்கிகளையும் உள்ளே வைத்தான். அதன்பின் ஐலா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் எய்னோவின் நினைவு கழன்றுபோகத் தொடங்கியது. முதலில் கடைக்குப் போகும் வழி, பிறகு நாயின் பெயர், சில நாட்களில் ஐலாவின் பெயர். மகன் தொலைபேசியில் நச்சரித்தான்: "துப்பாக்கிய வெளியேத்து, இல்லன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடு." இரண்டாவதை ஐலாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவனை எங்கே கொண்டுபோய் விடுவது? "பூட்டித்தானேடா இருக்கு" என்று சமாளித்தாள். சட்டப்படி அவள் சொன்னது சரி.

அக்டோபரில் ஒரு மத்தியானம் கடையிலிருந்து திரும்பிச் சமையலறைக் கதவைத் திறந்தாள். அலமாரி திறந்து கிடந்தது. எய்னோ துப்பாக்கியை அவள் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"யாரு நீ? எப்படி உள்ள வந்த?"

"எய்னோ, நான்தான். ஐலா."

"பொய் சொல்லாத. ஐலா கடைக்குப் போயிருக்கா."

விசையை இழுத்தான். ஒன்றும் வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தான். வாத்தியார் கோபம் வந்துவிட்டது. "போல்ட்டைக் காணோம்! போல்ட் இல்லாத துப்பாக்கிய எவன்டா வீட்டுல வச்சது?" என்று அதை மேஜையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஐலா அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். மற்ற இரண்டு துப்பாக்கிகளிலும் போல்ட், தோட்டாவை உள்ளே தள்ளி வெடிக்க வைக்கும் அந்த இரும்புத் துண்டு, இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அவள் கூப்பிட்டதும் பத்து நிமிடத்தில் லியோ வந்துவிட்டார். எய்னோவும் நண்பர்களும் தங்கும் வேட்டைக் குடிலில் நாற்பது வருடமாகச் சமையல் அவர் பொறுப்பு. குடில் வாசலிலேயே அவரவர் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிச் சமையல்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். பீர் குடித்தாலும் சண்டை போட்டாலும் விடியும்வரை அது திரும்பக் கிடைக்காது. எந்தச் சட்டமும் சொல்லாத வழக்கம்.

"மார்ச் மாசம் மூணையும் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டான்" என்றார் லியோ. "'ஐலா பேரே மறக்குதுடா, இந்த எழவு பிடிச்ச தேதி மட்டும் மறக்க மாட்டேங்குது. நான் கெஞ்சினாலும் குடுக்காத'ன்னான். நடுவுல ரெண்டு தடவ வந்து கேட்டான். திருடன்னு திட்டினான். சரி, திருடனாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா அழுவியாம். அதையும் சொல்லக் கூடாதுன்னான்."

ஐலா அழுதாள். லியோவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மூன்று துப்பாக்கிகளையும் அவர் வண்டியில் ஏற்றச் சொன்னாள். ராத்திரி மகனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவதென்றும், பகலில் கூட இருக்க ஒரு ஆளை வைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்தாள். பூட்டு போட்டதோடு தன் பொறுப்பு முடிந்ததென்று நினைத்தது தன் தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. பூட்டே வேண்டாமென்று முழங்கியவன்தான் அவள் உயிரைக் காப்பாற்றியிருந்தான்.

லியோ போனதும் எய்னோவின் அருகில் வந்து நின்றாள். "ரொம்ப நன்றி, எய்னோ."

அவன் மரியாதையாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "எதுக்குங்க நன்றியெல்லாம்? உக்காருங்க. என் பெண்டாட்டி இப்ப வந்துருவா, அவ வந்ததும் காப்பி போடுவோம்."

"காத்திருக்கேன்" என்று சொல்லி ஐலா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.